கணக்கில் மட்டும் எரிந்த தீ

என் தம்பிக்கு ‘வகுத்தல்’ என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். அதற்காக ஒரு நாளும் நான் வருந்தியதில்லை. சின்ன வயதில் வீட்டுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் வந்தது. ஆளுக்குப் பாதி என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

“மழையில கடைக்குப் போனது யாரு? நான். குடையை உடைச்சு வச்சது யாரு? நீ. அப்ப உனக்கு மூணு கம்மி” என்றான்.

முதுகில் ஒன்று வைத்தேன். பொட்டலத்தை நானே தின்று தீர்த்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அன்றைக்கு அவன் கணக்கில் பிழையில்லை. என் கையிலும் பிழையில்லை.

இப்படிப்பட்டவன் வேறு எங்கே போவான்? படித்து முடித்து, நான் வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் செலவுக் கணக்குப் பிரிவில் வந்து உட்கார்ந்தான். பம்பு, வால்வு, கிரேன் கொக்கி என்று ஆளை விடப் பெரிய இரும்புச் சாமான்கள் செய்கிற இடம். நான் டூல் ஸ்டோரில். இரும்பு வலை போட்ட என் ஜன்னலுக்கு ஸ்பானர் வாங்கவும் வருவார்கள், வம்பு வாங்கவும் வருவார்கள். இரண்டாவது சரக்குதான் அதிகம் போகும். அவன் மாடியில் கண்ணாடி அறையில் இருந்தான். தொழிற்சாலையின் சத்தம் அங்கே ஏறாது. சத்தம் ஏறாத இடத்தில் உட்கார்ந்தவனுக்குப் புத்தியும் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும் என்பது என் அபிப்பிராயம்.

அவன் மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தாள். வார்ப்பு இரும்புக்கு உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலை வைத்துப் பார்க்கிற பரிசோதகர். பளபளவென்று இருக்கும் கொக்கிமேல் பசை மாதிரி ஒன்றைத் தடவி, உள்ளங்கையில் அடங்குகிற கருவியை அதன்மேல் நகர்த்திக்கொண்டே திரையைப் பார்ப்பாள். உள்ளே சுத்தமாக இருந்தால் திரையில் கோடு சாதுவாக ஓடும். விரிசல் இருந்தால் நடுவில் ஒன்று எழும்பும். கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கிற மாதிரி இருக்கிறதே என்று யாரோ சொல்லப்போய், அவளுக்கு ‘ஸ்கேன்காரி’ என்றும் அவள் அறைக்கு ‘ஸ்கேன் ரூம்’ என்றும் பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டு பேரும் சந்தித்த கதையும் கணக்குக் கதைதான். வருடாந்தர இருப்பு எடுக்கும்போது அந்த அறையில் எத்தனை ஸ்டூல் இருக்கிறது என்று எண்ணப் போயிருக்கிறான். எண்ணிவிட்டு வர வேண்டியதுதானே? “இந்த ரூம்ல அப்படி என்னங்க வேலை நடக்குது?” என்று கேட்டானாம். அவள் விரலில் கொஞ்சம் பசையை எடுத்து அவன் நெற்றியில் தடவி, கருவியை வைத்துத் திரையைப் பார்த்து, “உள்ள ஒண்ணும் இல்லீங்க. காலியா இருக்கு” என்றாளாம். மறுநாளே அவன் என்னிடம் வந்து கல்யாணம் என்றால் இவளைத்தான் என்றான். எனக்கும் பிடித்துப்போயிற்று. இத்தனை வருடம் நான் கரடியாய்க் கத்தியதை அவள் ஒரே தடவையில் கருவி வைத்து நிரூபித்துவிட்டாளே! அவர்கள் மாடி வீடு, நாங்கள் கீழ் வீடு. சோறு பெரும்பாலும் ஒன்றாகத்தான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பெரிய மேலாளர் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். பயிற்சிக்குப் போய் வந்த மேலாளரும் சலவைக்குப் போய் வந்த சட்டையும் கொஞ்ச நாள் விறைப்பாகத்தான் இருக்கும். வந்ததும் வராததுமாகத் தம்பியைக் கூப்பிட்டு, இனிமேல் இந்த நிறுவனத்தில் செயல்வழிச் செலவுக் கணக்குதான் என்று சொல்லிவிட்டார்.

அது என்னவென்று தம்பி எனக்கு விளக்கினான். அதுவரை இருந்த முறையில், இரும்பும் கூலியும் போக மிச்சமுள்ள செலவை எல்லாம், அதாவது கிரேன், பரிசோதனை, ஸ்டோர், காவல், மாடியில் உட்கார்ந்திருக்கிற கனவான்கள் எல்லாவற்றையும், ஒரே அண்டாவில் கொட்டிக் கலக்கி, எந்தப் பொருள் எவ்வளவு நேரம் எந்திரத்தில் நின்றதோ அந்த அளவுக்கு அதன் தலையில் ஊற்றுவார்களாம். நாலு பேர் ஓட்டலுக்குப் போய், ஒருவன் டீ மட்டும் குடித்து, இன்னொருவன் ஒரு முழுக் கோழியைக் காலி செய்து, பில்லை மட்டும் சமமாகப் பிரித்தால் டீ குடித்தவன் வயிறு எரியாதா? புது முறையில் ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஒரு விலை. கிரேன் ஒரு தடவை தூக்கினால் இவ்வளவு, ஸ்கேன் ஒரு தடவை பார்த்தால் இவ்வளவு. யார் கூப்பிடுகிறார்களோ அவர்கள் தலையில் அந்தச் செலவு.

“பிஸ்கட் கதைதானே?” என்றேன்.

“அதேதான்க்கா! இப்பவாவது புரியுதா, அன்னிக்கு நான் சொன்னது?” என்றான். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

பிறகு ஆரம்பித்தது கூத்து. யார் யார் என்னென்ன வேலை செய்கிறார்கள், எதற்கு நூற்றுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கேட்டான். என் ஜன்னலுக்கும் வந்தான்.

“அக்கா, ஒரு நாள்ல என்னென்ன வேலை செய்றே?”

“காலையில ஜன்னலைத் திறக்கிறேன். சாயங்காலம் சாத்துறேன்.”

“நடுவுல?”

“நடுவுல உன்னை மாதிரி வேலை இல்லாதவன் எவனாவது வந்து கேள்வி கேக்குறான்.”

‘விவரம் தருதல்’ என்று எழுதிக்கொண்டான். அரட்டைக்கு ஒரு வரி போடு என்றேன். “போடலாம்னுதான் பாத்தேன். ஆனா யாருமே ஒத்துக்கலையே. இந்தத் தொழிற்சாலையில அரட்டையே கிடையாதாம்” என்றான் பரிதாபமாக. ஃபோர்மேன் ஒருவர் இருந்தார். பேசினாலே உறுமுவது போலிருப்பதால் அவருக்கு ‘உறுமல்’ என்று பெயர். தன் வேலைகளைச் சொல்லிக்கொண்டே போய் நூற்று இருபதில் கொண்டுவந்து நிறுத்தினார். நூறைத் தாண்டக் கூடாது சார் என்றதற்கு, “அப்ப உன் நூறு சின்னது. போய்ப் பெரிசா ஒண்ணு கொண்டா” என்று உறுமி அனுப்பினார்.

இங்கே ஒரு சமாசாரம் சொல்ல வேண்டும். எனக்கே பிறகுதான் தெரியும். ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் கேட்பவர்கள் திருதிருவென்று முழிக்கக் கூடாது. எங்களிடம் ஒரு சிவப்புத் தீயணைப்பு வண்டி உண்டு. அதற்கென்று ஆட்கள் உண்டு. தினமும் அவர்கள் அதைக் கழுவுவார்கள். கல்யாணப் பெண்ணைக்கூட அப்படிக் குளிப்பாட்ட மாட்டார்கள். வண்டி, ஆட்கள், எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஆன செலவைத் தம்பி ஒரு வரியில் கூட்டி வைத்தான். அதை எத்தனை தீயை அணைத்தார்களோ அதனால் வகுத்து, ஒரு தீக்கு விலை போட வேண்டும். அந்த வருடம் தீயே பிடிக்கவில்லை. பூஜ்யத்தால் வகுத்ததும் கம்ப்யூட்டர் பிழை பிழை என்று கத்தியது. அந்தப் பிழை அட்டவணையின் அடி வரைக்கும் இறங்கி, மொத்தக் கூட்டலையும் கெடுத்தது. மேலாளரோ அட்டவணை எங்கே எங்கே என்று வாசலில் நிற்கிறார். இவன் என்ன செய்தான் தெரியுமா? பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்று என்று போட்டான். கத்தல் நின்றது. ஆக, கணக்குப்படி எங்கள் தொழிற்சாலையில் ஒரு தடவை தீப்பிடித்திருந்தது. அட்டவணை அப்படியே தலைமை அலுவலகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒவ்வொரு பிரிவிலும் விலைப் பலகை மாட்டினார்கள். பிரிவுத் தலைவர்களின் செலவு மாதாமாதம் மேலே போகும் என்றதும் அவரவர் கஞ்சத்தனம் விழித்துக்கொண்டது. என் ஜன்னலில் ஒரு தடவை கருவி வாங்கவும் விலை உண்டு. அதனால் வாங்கிப்போன ஸ்பானரைத் திருப்பித் தராமல் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டார்கள். கிரேனைக் கூப்பிடாமல் எட்டுப் பேர் சேர்ந்து தூக்கி, எட்டுப் பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேலே கணக்கில் செலவு சரசரவென்று இறங்கியது. மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோர் முன்னிலையிலும் தம்பியின் தோளைத் தட்டி, தலைமை அலுவலகத்தில் செலவுக் கணக்கின் தலைவர் பதவி உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். தம்பி அன்றைக்கே கோட்டுக்குத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தான். பிறந்ததிலிருந்து கோட்டைப் போட்டோவில் மட்டும் பார்த்த குடும்பம் எங்களுடையது.

ஸ்கேன் ரூமுக்குத்தான் சனி பிடித்தது. வாங்குகிறவர் கேட்டால் பரிசோதனை கட்டாயம். கேட்காத சரக்குக்கு ஃபோர்மேனின் விருப்பம். அதுவரை உறுமல் சந்தேகம் வந்தால் கூப்பிடுவார், சந்தேகம் வராவிட்டாலும் கூப்பிடுவார். இப்போது கூப்பிடுவது குறைந்தது. அறையின் செலவோ குறையவில்லை. அதே எந்திரம், அதே குளிர்சாதனம், அதே சம்பளம். பத்துப் பேர் சேர்ந்து பிடித்த வேனில் ஐந்து பேர் பாதி வழியில் இறங்கிவிட்டால் மிச்சப் பேருக்கு என்ன ஆகும்? ஒரு அழைப்பின் விலை இரண்டு மடங்கானது. விலை ஏறியது என்று இன்னும் சிலர் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். நிறுத்தியதால் இன்னும் ஏறியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, கடைசியில் மாதத்துக்கு ஓரிரண்டு பேர்தான் அந்தப் பக்கம் போனார்கள்.

உறுமல் என் ஜன்னலுக்கு வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

“ஏன் சார், ஸ்கேன் ரூம் பக்கமே தலை காட்ட மாட்டேங்கிறீங்களாமே?”

“அக்கா, அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் கிடையாது. ஒரு தடவை கூப்பிட்டா என் கணக்குல எவ்வளவு ஏறுதுன்னு உங்க தம்பியையே கேளுங்க. நான் கொக்கியைத் தட்டிப் பாக்குறேன். சத்தம் கணீர்னுதான் இருக்கு.”

“தட்டிப் பாத்து வாங்க அது என்ன தேங்காயா?” என்றேன். அவர் உறுமிக்கொண்டே போய்விட்டார்.

வீட்டில் சாப்பிடும்போது இது வெடித்தது. தம்பி தண்ணீர் கேட்டான். தம்பி மனைவி எழுந்திருக்கவில்லை.

“ஒரு தடவை கூப்பிட்டா என்ன விலைன்னு பலகையில பாத்தீங்களா?” என்றாள்.

“விளையாடாதே. விக்கல் வருது.”

“இந்த மாசம் ரெண்டாவது தடவைதான் கூப்பிடுறீங்க. அதனால ரேட்டு ஏறிடுச்சு. கட்டுப்படியாகலைன்னா தொண்டையைத் தட்டிப் பாத்துக்குங்க. கணீர்னு இருந்தா தண்ணி தேவையில்லை.”

நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது. எனக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினாள். அவன் விக்கிக்கொண்டே எழுந்து போய்க் குடித்தான். சிரிப்பு என்று பார்த்தால் அதுதான் கடைசிச் சிரிப்பு. அடுத்த வாரம் உத்தரவு வந்தது. இவ்வளவு விலை கொடுத்து நடத்த முடியாது, ஸ்கேன் ரூமை மூடுகிறோம், எந்திரத்தை விற்கிறோம், பரிசோதகர் பெட்டி கட்டும் பிரிவில் லேபிள் ஒட்டப் போகலாம்.

உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நேரே என் ஜன்னலுக்கு வந்தாள்.

“அண்ணி, எனக்கு இதைத் தவிர வேற எதுவும் தெரியாது. அந்தத் திரையில நடுவுல ஒரு கோடு எழும்புச்சுன்னா என் உடம்பே சிலிர்த்துரும். யாரோ முகம் தெரியாத ஆளு, எங்கேயோ அந்தக் கொக்கிக்குக் கீழ நிக்கப் போறான், அவன் கிட்ட நான் பேசுற மாதிரி இருக்கும். என்னைப் போய் லேபிள் ஒட்டச் சொல்றாங்களே. அதுவும் இவரு போட்ட கணக்கை வச்சு” என்று சொல்லும்போதே உடைந்துவிட்டாள்.

கண்ணைத் துடைக்க என்னிடம் இருந்தது எந்திரத்தில் எண்ணெய் துடைக்கிற பஞ்சுதான். அதைத்தான் கொடுத்தேன். எனக்கு வந்த கோபத்தில் ஜன்னலை அப்படியே சாத்திவிட்டு மாடி ஏறினேன். வெளியே ஸ்பானருக்கு நின்றவன், அக்கா அக்கா என்று கத்தினான். கத்தட்டும்.

கண்ணாடி அறையில் தம்பி புது அட்டவணை போட்டுக்கொண்டிருந்தான். சுவரில் தையற்காரரிடமிருந்து வந்த கோட்டு தொங்கியது.

“ஏன்டா, கட்டின பொண்டாட்டி வேலைக்கே உலை வச்சுட்டு இங்க உக்காந்து என்னடா வகுத்துட்டு இருக்கே?”

“அக்கா, மெதுவா பேசு. எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? ஆனா கணக்குன்னு வந்துட்டா பொண்டாட்டி, அக்கான்னு பாக்க முடியாது. கணக்குல தப்பு இருந்தா காட்டு, திருத்துறேன்.”

“எனக்குக் கணக்கு தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். போன வருஷம் இருந்த அதே ரூம், அதே பொண்ணு. விலை மட்டும் எப்படிடா ஏறிச்சு?”

“கூப்பிடுறவங்க குறைஞ்சுட்டாங்க.”

“ஏன் குறைஞ்சாங்க?”

“விலை ஏறிடுச்சு.”

“ஏன் ஏறிச்சு?”

“கூப்பிடுறவங்க...” என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான். பேனாவைத் திறந்தான், மூடினான். அப்புறம், “உனக்குச் சொன்னா புரியாதுக்கா” என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவன் கண் அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது. எனக்கு அதைக் கழற்றிக் கீழே எறியலாம் போலிருந்தது.

அவன் புத்தியைத் தெளியவைத்தது நானும் இல்லை, அவளும் இல்லை. நடக்காத அந்தத் தீதான். தலைமை அலுவலகத்தில் காப்பீடு பார்க்கிறவர் யாரோ அட்டவணையைப் புரட்டியிருக்கிறார். ‘தீயணைத்தல், அழைப்பு ஒன்று’ என்ற வரியைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. உங்கள் தொழிற்சாலையில் தீ விபத்து நடந்ததை ஏன் எங்களிடமிருந்து மறைத்தீர்கள் என்று கேட்டு எழுதிவிட்டார். எங்கள் பாதுகாப்பு அதிகாரி சாதாரணமாகவே சங்கு மாதிரி கத்துவார், அதனால்தான் ‘சைரன்’ என்று பெயர். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் உண்மையாகவே தீ என்று நினைத்து இரண்டு பேர் வாசலுக்கு ஓடினார்கள்.

மேலாளர் அறைக்குத் தம்பியைக் கூப்பிட்டார்கள். தீயணைப்புக் குழாயின் முனை என் ஸ்டோரில் சீல் வைத்து இருப்பதால் சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சீல் உடையவே இல்லை என்று சொன்னேன்.

“அப்ப எங்கய்யா எரிஞ்சது? யாரு அணைச்சா? நான் என்ன தூங்கிட்டா இருந்தேன்?” என்று சைரன் ஊதினார்.

தம்பிதான் பதில் சொன்னான். “எங்கயும் எரியலை சார். பூஜ்யத்தால வகுக்க முடியலை. அதனால ஒண்ணுன்னு போட்டேன்.”

சைரன்தான் முதலில் சிரித்தார். “அடப்பாவி! உன் கூட்டல் சரியா வர்றதுக்கு என் தொழிற்சாலையைக் கொளுத்திட்டியா?”

மேலாளர் சிரிக்கவில்லை. “வண்டி நிக்குது. தீ வரலை. அதுக்காக வண்டி வேண்டாம்னு சொல்லிடுவோமா? தீ வராம இருக்கிறதுதானே நல்லது? இதுகூடவா தெரியாது?” என்றார்.

“தெரியும் சார். தீ வந்தாலும் வராட்டியும் வண்டி நிக்கிறதுக்கு ஒரு செலவு இருக்கு. அதை எத்தனை தீ வந்துச்சோ அதால வகுக்கிறது தப்பு. தீ குறைய குறைய வண்டி விலை ஏறிட்டே போகும். வண்டி எதுக்கு நிக்குதோ அது நடக்காம இருந்தா, வண்டி தெண்டம்னு கணக்கு சொல்லும். அது...”

அங்கேயே நின்றுவிட்டான். வாய் திறந்தபடி இருந்தது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடி அறையில் நான் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு அவன் சொன்ன பதில் இப்போது அவன் காதிலேயே விழுந்துகொண்டிருந்தது.

“வீடு அசையாம தின்னும்னு சும்மாவாடா சொன்னாங்க?” என்றேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“சார், ஸ்கேன் ரூமும் அப்படித்தான்” என்றான். “எத்தனை பேர் கூப்பிட்டாங்களோ அதால வகுத்தேன். எத்தனை பார்க்க முடியுமோ அதால வகுத்திருக்கணும். பாக்காம சும்மா நிக்கிற நேரத்துச் செலவை, கூப்பிட்ட ஒருத்தர் தலையில கட்டிட்டேன். அதனாலதான் எல்லாரும் ஓடிட்டாங்க.”

மேலாளர் சைரனையும் என்னையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பாருங்க, நெருப்பைத் தட்டச்சுப் பிழைன்னு எழுதிடலாம். அது பெரிய விஷயமே இல்லை. ஸ்கேன் ரூமைக் கிளறாதீங்க. அதை மூடுற சேமிப்பை மேல காட்டியாச்சு. இப்ப கணக்கு தப்புன்னா, இதுவரை நாம காட்டின சேமிப்பு எல்லாத்தையும் திருப்பிப் பாப்பாங்க. உங்க பதவி என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?”

இவனைப் பற்றி எனக்குத் தெரியும். பிஸ்கட்டுக்கே அப்படி வாதாடினவன். தான் போட்ட கணக்கு தப்பு என்று பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கோட்டு வேறு தைத்தாயிற்று.

“சார்,” என்றான், “நான் தப்பா வகுத்துட்டேன். அதை நானே எழுதி அனுப்பிடுறேன்.”

எழுதினான். எழுதியதோடு விட்டானா? எந்தெந்தப் பிரிவில் எல்லாம் அதே தப்பு என்று என் ஜன்னல் வரைக்கும் சேர்த்து எழுதினான். தீ என்ற சொல்லைப் பார்த்துப் பயந்திருந்த தலைமை அலுவலகம், ஸ்கேன் ரூமை மூடுகிற உத்தரவை மறுவாரமே திரும்ப வாங்கியது. தம்பிக்குச் சொன்ன பதவியையும் கையோடு திரும்ப வாங்கியது. அதற்கு வேறு யாரோ போனார்கள். மேலாளர் அவனிடம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. லேபிள் எத்தனை வாங்கினோம், எத்தனை கிழிந்தது என்று பார்க்கச் சொன்னார். அவள் ஒட்ட வேண்டிய லேபிளை அவன் எண்ணினான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

புதுப் பலகையில் ஸ்கேன் விலை மளமளவென்று இறங்கியதும் உறுமல் முதல் ஆளாகப் போய் நின்றார். அனுப்பத் தயாராக முற்றத்தில் அடுக்கியிருந்த கொக்கிகளைக் காட்டி, “வந்ததுக்கு இதையும் பாத்துடும்மா” என்றார். அவர் தட்டிப் பார்த்துக் கணீர் என்று சொன்னவை. அவள் வரிசையாகப் பசை தடவிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு கொக்கியின் வளைவில் திரையின் நடுவே கோடு எழும்பியது. கருவியை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் எழும்பியது. வெளியே கீறல்கூட இல்லை. உள்ளே விரல் நீளத்துக்கு விரிசல்.

உறுமல் உறுமவில்லை. பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். “நாளைக்கு லாரி ஏற வேண்டியது இது” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவரைக் கிண்டல் செய்ய எனக்கே மனசு வரவில்லை. மறுநாள் செய்தேன்.

அந்த வருடக் கணக்கு முடிக்கிற சமயத்தில் நான் ஸ்கேன் ரூமுக்குப் போயிருந்தேன். எந்திரத்துக்காக அங்கே எப்போதும் பல் கிட்டுகிற குளிர். அவள் தம்பியின் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவனைவிட அவளுக்குத்தான் அது எடுப்பாக இருந்தது. தம்பி பக்கத்து ஸ்டூலில் அட்டவணையை விரித்து வைத்திருந்தான். இந்த வருடம் ‘விபத்து’ என்று ஒரு தனி வரி கேட்டிருந்தார்கள்.

அவள் எட்டிப் பார்த்தாள். “என்னங்க, பூஜ்யம் போட்டிருக்கீங்க? கம்ப்யூட்டர் கத்தாதா?”

“கத்தாது. அதை வச்சு எதையும் வகுக்கலை” என்றான். பிறகு தலை நிமிராமலே, “பூஜ்யமா இருக்கத்தானே நீ இருக்கே” என்றான்.

அவள் கோட்டின் மடித்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தண்ணீர் எடுத்துவரப் போனேன், அவனுக்கும் சேர்த்து.